குடமும் கடைசிப் பல்லும்

பெரம்பலூரில் என் பேத்தியின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். கையொன்றும் உடையவில்லை. ஓட்டப் பந்தயத்தில் எந்த வயதுப் பிள்ளைகளோடு அவளை ஓடவிடலாம் என்று எலும்பைப் பார்த்துச் சொல்வார்களாம். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு இன்னும் ஒட்டவில்லை, வளர்த்தி பாக்கி இருக்கிறது என்றார். எனக்கு எழுத்துதான் தெரியாது, எலும்பு நடுவே இருந்த இடைவெளி நன்றாகவே தெரிந்தது. ஒரே சந்தோஷம். சிரித்துவிட்டேன். டாக்டர் ஏன் என்று கேட்டார். எங்கள் காலத்தில் இதையே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

திருமானூர் பக்கம் எங்கள் ஊர். காணும் பொங்கலன்று கொள்ளிடத்து மணலில் ஓட்டப் பந்தயம் நடக்கும். பெண் பிள்ளைகளுக்கு இரண்டு ஓட்டம். பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் சின்ன செட்டு, தாண்டியிருந்தால் பெரிய செட்டு. சின்ன செட்டுக்கு எவர்சில்வர் டம்ளர் பரிசு. பெரிய செட்டுக்குப் பித்தளைக் குடம். அந்தக் குடத்தை மேசை மேல் வைத்திருந்தார்கள். வெயில் பட்டு அது மின்னியதில் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஓட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போதும் சொல்வேன், அந்த ஊரில் அன்றைக்கு யாரும் கிடையாது.

குடத்தின் மேல் எனக்குக் கண் இருந்தது போல, என் மேல் அத்தைக்குக் கண் இருந்தது. அப்பாவுக்கு அக்கா. அவருடைய மகனுக்கு மீசை வந்துவிட்டது. என்னைப் பெண் கேட்டு இரண்டு மூன்று தடவை வந்தாயிற்று. அக்கா பேச்சை அப்பா தட்டியதே இல்லை, அம்மா பேச்சைக் கேட்டதும் இல்லை. கடைசியில் அப்பா, “ஊரே பெரிய புள்ளன்னு சொல்லட்டும்க்கா, வைகாசியிலயே முடிச்சிரலாம்” என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது காதில் விழுந்தது. பெரிய பிள்ளை என்றால் பெரிய செட்டு, பெரிய செட்டு என்றால் குடம் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும், பிள்ளைக்கு இன்னும் வயசாகவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் வயது யாருக்குத் தெரியும்? செவலை மாடு செத்த வருஷம் பிறந்தவள் என்றார் அம்மா. இல்லை, வெள்ளை மாடு செத்த வருஷம் என்றார் அத்தை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு வருஷம். தலைக்கு மேலே கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். எனக்குக் கொக்குக் கை, கழுத்து வரைக்கும் போயிற்று. எதிர்வீட்டு அக்காவோ என்னைவிட மூத்தவள், குள்ளம், கையும் குட்டை. அவளுக்குக் காது எட்டவே இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். பந்தயம் நடத்திய அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அப்போதுதான் யாரோ என் மாமாவைக் கை காட்டினார்கள். அம்மாவின் தம்பி. உடையார்பாளையத்திலிருந்து கரும்பும் வாழைத்தாரும் எடுத்துக்கொண்டு பொங்கல் சீர் கொண்டு வந்திருந்தார். மாட்டுத் தரகர். பல்லைப் பார்த்து மாட்டுக்கு வயது சொன்னால் சந்தையில் மறுபேச்சு இருக்காது. அவர் பார்த்த பல்லை இன்னொருத்தர் பார்க்கக் கேட்டால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார், அவ்வளவு ரோஷம். மாமா மணலில் குந்தி உட்கார்ந்து சட்டம் சொன்னார். “வாயில கடைசியா பெரிய பல்லு மொளைச்சிருந்தா பன்னெண்டு தாண்டியாச்சு. இல்லன்னா சின்னப் புள்ள.”

எதிர்வீட்டு அக்கா வாயைத் திறந்தாள். பல் இருந்தது. பெரிய செட்டு.

அடுத்து நான். எனக்கு நல்ல தைரியம். ஏனென்றால் கார்த்திகையிலிருந்தே கீழே கடைசியில் ஒன்று ஈறைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. நாக்கால் தடவித் தடவி நாக்கே புண்ணாகியிருந்தது. மாமாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக் காட்டினேன். மாமாவின் விரல் நேராக அந்தப் பல்லின் மேல்தான் வந்து நின்றது. பீடி வாசம் அடித்தது. விரலை எடுக்காமல் ஒரு தடவை அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

“இல்ல. சின்னப் புள்ளதான்.”

எனக்கு ஆத்திரம். “நல்லாப் பாருங்க மாமா, இருக்கு!” என்று கத்தினேன்.

“கரும்புச் சக்கைடி அது. போயி வாயக் கொப்புளி.”

ஊரே சிரித்தது. அத்தை விடவில்லை. “எங்க, நான் பாக்குறேன், இங்க வாடி” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிட்டே வந்தார்.

மாமா எழுந்து வேட்டியில் கையைத் துடைத்தார். “தாராளமாப் பாருங்க அண்ணி. நாளைக்கிச் சந்தைக்கும் நீங்களே வந்துருங்க, நான் வூட்ல படுத்துக்குறேன்.”

இன்னும் பெரிய சிரிப்பு. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அப்பா அவர் பின்னாலேயே போய், “சின்னப் புள்ளையாம்க்கா, பாப்போம்” என்று சொன்னது காற்றில் கேட்டது. தை முடிவதற்குள் அத்தை மகனுக்குக் குரும்பலூரில் பெண் நிச்சயமாகி, வைகாசியில் கல்யாணம் நடந்தது. நான் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஓட்டத்தைச் சொல்லவில்லையே. பாதி மணல் தாண்டுவதற்குள் மற்றவர்களைக் காணோம். டம்ளர் கிடைத்தது. பெரிய செட்டில் எதிர்வீட்டு அக்கா ஜெயித்து, தன் உயரத்தில் பாதி இருந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரிலேயே போனாள். அதை எப்படித் தாங்குவது? வீடு வீடாகப் போய், என் மாமாவுக்குப் பல் பார்க்கத் தெரியாது என்று சொன்னேன். கன்னத்தை இழுத்துப் பல்லையும் காட்டினேன். அத்தை வீட்டுத் தெருவுக்கும் போகக் கிளம்பினேன், அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்து இழுத்துப் போனார்.

பேச்சு சந்தை வரைக்கும் போய்விட்டது. மாசியில் மாமா வந்தபோது டீக்கடையில் ஒருவர் கேட்டேவிட்டார். “என்ன தரகரே, சொந்த அக்கா மவ பல்லே ஒங்களுக்குத் தெரியலியாமே?”

துண்டை உதறப் போகிறார் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். “ஆமாண்ணே, எனக்கு மாட்டுப் பல்லுதான் தெரியும்” என்று மாமா சிரித்தார். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். நான் அதை அந்தப் புதுப் பல்லால் மென்றுகொண்டே, தோற்றுப்போனவருக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.