ஜாமீனுக்கு இன்னும் ஒரு ஆள்

மாதாவுக்கு நன்றி சொல்லத்தான் நம் கோவிலில் எழுந்து நிற்கிறேன். ஆனால் நான் இனிக்க இனிக்கப் பேசுகிறவள் இல்லை என்பது இந்த ராயப்பன்பட்டிக்கே தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். யாருக்காவது சுருக்கென்று தைத்தால் தைக்கட்டும்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து ஜீப் டிரைவர். விடியுமுன் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவில் ஏலத்தோட்டத்துக்குப் போவார். பொழுது சாயத் திரும்புவார். வழியில் யார் கை காட்டினாலும் வண்டி நிற்கும். மகளுக்கு முறுக்கு, மருமகனுக்கு வேட்டி, யாருக்கோ மருந்து என்று ஆளாளுக்கு ஒரு பையை நீட்டுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த டிரைவரும் கேட்பதில்லை. கேட்டால் கொடுத்தவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். அந்த ஜீப்பில் பை கொடுத்துவிடாத வீடு இந்தக் கோவில் பங்கில் எது? இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம்.

2006-ல், தீபாவளிக்கு முந்தின வாரம், கம்பத்தில் முன்பின் தெரியாத ஒருவன் ஒரு சாக்குப் பையை வண்டியில் வைத்துவிட்டுப் போனான். மேலே கருவாடு. மெட்டு அடிவாரத்தில் போலீஸ் வண்டியை நிறுத்திக் கருவாட்டை விலக்கிப் பார்த்தது. கீழே கஞ்சா. பை கொடுத்தவன் போன இடம் தெரியவில்லை. இவர் கையில் விலங்கு மாட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் கஞ்சாக்காரன் பெண்டாட்டி. குழாயடியில் என் குடத்தைப் பார்த்தால் மற்ற குடங்கள் விலகின. பூசையில் "சிறையில் வாடும் ஒரு சகோதரருக்காக" என்று வேண்டிக்கொண்டார்கள். பேரைச் சொல்லவில்லை. திருமுழுக்குக் கொடுத்து வைத்த பேர், அதைச் சொல்லக் கூச்சம்.

மதுரை ஜெயிலுக்குப் போய் இவரைப் பார்த்தேன். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் அவர்கள் ஒரு கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். இவர் கத்தியதில் ஒன்றுதான் என் காதில் விழுந்தது. "ஆத்தா மருந்து சாப்பிடுதா?"

ஆத்தா என்றது இவரைப் பெற்றவளை. என் அத்தை சூசையம்மாள். மூச்சிழுப்பு நோய்க்காரி. நாளெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஏலே, எம்புள்ள வந்துட்டானா?" என்று தெருவில் போகிற வருகிற பையன்களையெல்லாம் கேட்பாள்.

சிறைக்கு வந்து இலவசமாக வழக்கு நடத்தித் தருகிற ஒரு வக்கீலம்மா இருந்தார். குள்ளமான மனுஷி, வெடுக்கென்று பேசுவார். அவர்தான் இவருக்காக மனுப் போட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே ஜாமீன் கிடைத்துவிட்டது. நான் கோர்ட் வாசலிலேயே முழங்கால் போட்டேன். வக்கீலம்மா தோளைத் தொட்டு எழுப்பினார்.

"அவசரப்படாதீங்கம்மா. ரெண்டு பேர் வந்து ஜாமீன் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் ரத்த சொந்தம். இன்னொருத்தர் சொந்த வீடு இருக்கிற வெளியாள். வீட்டு வரி ரசீதோட வரணும்."

"அவ்வளவுதானம்மா? எங்க ஊரே வரும்" என்றேன். அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு!

"ஜாமீன் கிடைச்சும் கையெழுத்துப் போட ஆளில்லாம உள்ள கிடக்கிறவங்க எத்தனை பேருன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார் அவர். "ஊர்ல கேட்டா ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கையெழுத்து, அவர் தப்புச் செய்யலன்னு சொல்ற கையெழுத்து இல்ல. கூப்பிட்ட அன்னைக்கு கோர்ட்டுக்கு வருவாருன்னு சொல்றது. செஞ்சாரா இல்லையான்னு கோர்ட் பாத்துக்கும்."

சொந்தத்துக்கு இவருடைய அண்ணன் உடனே வந்தார். வெளியாளுக்காக நான் வீடு வீடாக ஏறினேன். முதலில் எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியத்தின் தலைவி, டீச்சர் வீடு. குமுளியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வாரம் தவறாமல் இவர் வண்டியில் பை கொடுத்துவிட்டவர்.

"கவர்மெண்டு வேலைல இருக்கேன் மேரி. கஞ்சாக் கேசுக்குக் கையெழுத்துப் போட்டா என்னயத்தான் மொதல்ல கூப்பிட்டு விசாரிப்பாக. ஒனக்காக நவநாள் வைப்போம், வா" என்றார்.

வைத்தார்கள். என் வீட்டிலேயே வைத்தார்கள். ஒன்பது நாளும் செபமாலை, பாட்டு, கடைசி நாள் சுண்டல். ஒன்பது நாளும் ஒருவர்கூட வரி ரசீதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர், "அவன் செஞ்சிருக்க மாட்டான்தான். ஆனா செஞ்சிருந்தா?" என்று கேட்டுவிட்டுச் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார். மாதா சுரூபத்தைப் பார்த்து, "உன் பிள்ளைங்க லட்சணத்தைப் பாத்தியா?" என்று சத்தமாகவே கேட்டேன். செபம் என்று சொன்னால் அன்றைக்கு அதுதான் என் செபம்.

கிறிஸ்துமஸ் போனது. பொங்கல் போனது. ஜாமீன் உத்தரவு இருந்தும் மனுஷன் உள்ளேயே கிடந்தார். பிப்ரவரியில் ஒரு காலை அத்தைக்கு இழுப்பு நிற்கவே இல்லை. "எம்புள்ள எங்கனடி?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்காக அத்தை" என்று பொய் சொன்னேன். மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

அண்ணன் மதுரைக்கு ஓடினார். உள்ளே இருக்கிறவரை அடக்கத்துக்குக் கூட்டிவர எழுதிக்கேட்டு உத்தரவு வாங்க வேண்டுமாம். உத்தரவு வருவதற்குள் இங்கே அடக்கம் முடிந்துவிடும்.

அன்றைக்கு வந்தீர்களே நீங்கள்! ஊரே வந்தது. கையெழுத்துப் போடாத கைகள் எல்லாம் பெட்டியைத் தூக்கின. டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுகை உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கண்ணீர் வரவில்லை. இவர் மண் போட வேண்டிய இடத்தில் நான் மண் போட்டேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் நின்றிருந்தார். கம்பத்தில் பழைய சாக்கு வியாபாரம் செய்கிற இஸ்லாமியப் பெரியவர். வண்டன்மேட்டில் இருக்கும் நோயாளி மகளுக்கு என் வீட்டுக்காரர் வண்டியில் மருந்துப் பை கொடுத்துவிடுவார். ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியவர், தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது போல இவருக்கும் பேரீச்சம்பழம் கொண்டு வந்திருக்கிறார். ஜீப் முதலாளி அவரிடம், "டிரைவர் லீவுல இருக்கான்" என்று மழுப்பியிருக்கிறார். பழத்தை வீட்டில் கொடுக்கலாம் என்று ஊருக்கு வந்தவர், சாவுச் சேதி கேட்டுக் கல்லறைக்கே வந்துவிட்டார்.

"பெத்த தாய் மௌத்துக்குத் தம்பி இல்லையே, எங்கம்மா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டு முடித்ததும், "என்னைக்கு வரணும்?" என்றார்.

"பாய், கஞ்சாக் கேசு. நல்லா யோசிச்சுக்கிடுங்க."

"என் பைக்குள்ள என்ன இருக்குன்னு தம்பி ஒரு நாளும் கேட்டதில்லம்மா. நான் மட்டும் அவரைக் கேக்கணுமா?"

மறுநாளே வீட்டு வரி ரசீதோடு மதுரைக்கு வந்தார். கோர்ட் வராந்தாவில் சாயங்காலம் வரை நின்று கையெழுத்துப் போட்டார். அதற்கு மறுநாள் இவர் வெளியே வந்தார். ஊருக்கு வந்ததும் வீட்டுக்குப் போகாமல் கல்லறைக்குப் போனார்.

வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அந்த ஹாஜியாரே சாட்சிக் கூண்டில் ஏறி, ஜீப்பில் பை கொடுத்துவிடும் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். வக்கீலம்மா வாதாடினார். கடைசியில் விடுதலை. இவர் இப்போது டிராக்டர் ஓட்டுகிறார். யார் பையையும் தொடுவதில்லை. பாதிப் பேர் வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மாதா என் செபத்தைக் கேட்டாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சண்டை போட்டவளின் செபத்தையும் கேட்டாள். ஆனால் உதவியை எங்கள் கோவிலிலிருந்து அனுப்பவில்லை. தேடியிருப்பாள், ஆள் கிடைத்திருக்காது.

அத்தையின் வீடு இப்போது எங்கள் பேரில் இருக்கிறது. அந்த வரி ரசீதை எடுத்துக்கொண்டு நான் கோர்ட்டுக்குப் போகிறேன். ஒரு ரசீதுக்கு ஒரு வழக்குத்தான்; அது முடிந்த பிறகு வக்கீலம்மா சொல்கிற அடுத்த ஆளுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். செய்தானா இல்லையா என்று நான் கேட்பதில்லை. முதல் தடவை எனக்கும் பயமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பயம் எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பயத்தோடேயே போட்டேன்.

கடைசி வரிசையில் பச்சைச் சேலை கட்டி ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார், திரும்பிப் பாருங்கள். ஓடைப்பட்டிக்காரர். மகன் உள்ளே இருக்கிறான். ஜாமீன் கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. தாய்மாமன் ஒரு கையெழுத்துப் போடுகிறார். என் ரசீது இன்னொரு வழக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாவுக்காக நவநாள் வைக்கலாம் என்று யாரும் இப்போது எழுந்திருக்க வேண்டாம். நவநாளை நானே வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு நானும் அந்த அம்மாவும் நிற்போம். இன்னும் ஒரு ஆள் வேண்டும். அந்தப் பையனைப் பெற்றவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். வரும்போது வீட்டு வரி ரசீதை எடுத்து வாருங்கள்.