ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இமெல்டா

சிகாகோ நகரத்தின் இருபத்தாறாம் தெருவில், பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்கு கவுன் தைத்து விற்கும் கடையில் நான் கல்லாவில் இருந்தேன். இமெல்டா சர்மியெந்தோ பின்னறையில் தையல் மெஷினில் இருந்தாள். என் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவள் அவள். அதனால் எங்கள் வழக்கப்படி ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றே கூப்பிட்டுக்கொள்வோம்.

கடையில் நாள் முழுக்க ரேடியோ பாடும். மற்ற தையல்காரிகள் கூடவே முணுமுணுப்பார்கள். இமெல்டாவின் உதடு அசையாது. இப்போது போன பாட்டு என்ன என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கல்யாண வீடுகளில்கூட, எல்லோரும் ஆட எழுந்தபின் மேசையில் தனியாக உட்கார்ந்து பிறர் கைப்பைகளைக் காவல் காப்பாள். அவள் கணவர் ரோகெலியோ அப்படியில்லை. கிடங்கில் சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். துப்பாக்கியும் குதிரையுமாக வரும் கதைப்பாட்டுகளைத் தன் பிக்கப் வண்டியில் அலறவிடுவார். “எம் பொண்டாட்டிக்குக் காது இருக்கு, ஆனா அது கம்மல் போடத்தான்” என்று என் முன்னாலேயே சொல்லுவார். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது நடக்கும்போது சித்லாலி என்ற பெண் கடைக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தலையின் ஒரு பக்கத்தை ஒட்டச் சிரைத்திருந்தாள். தன் பழைய பிறந்தநாள் கவுனை ஒரு குப்பைப் பையில் திணித்துக் கொண்டுவந்திருந்தாள். மயில் நீலம், ஏழடுக்குப் பாவாடை.

“முட்டிக்கு மேல வெட்டிக் குடுங்க சென்யோரா.”

இமெல்டா கவுனைக் கையில் வாங்கி மணிவேலையைத் தடவிப் பார்த்தாள். “இத வெட்டறதா? உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“அம்மாதான் குடுத்தே விட்டாங்க. அலமாரியில பாதிய இதுவே அடைச்சுக்கிட்டு இருக்காம்.”

இமெல்டா இரண்டு நாள் அதைத் தொடவில்லை. பிறகு வெட்டினாள். அளவு பார்த்து, ஓரம் மடித்து, வேலையில் குறை சொல்ல முடியாதபடி முடித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அதே கவுன் திரும்பி வந்தது. இரண்டு அக்குளிலும் கிழிந்திருந்தது. ஒட்டுப்போட்டு அனுப்பினாள். மறுபடியும் வந்தது. இந்த முறை முதுகுத் தையல்.

“என்னடி பண்ற இதப் போட்டுக்கிட்டு? கழுதைக்கு மாட்டிவிட்டியா?”

“பாடறேன் சென்யோரா. எங்களுக்கு ஒரு குழு இருக்கு.”

“பாடினா முதுகு கிழியுமா?”

“வந்து பாருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். எந்த இடத்துல இழுக்குதுன்னு பாத்தாத்தானே உங்களுக்கும் தைக்கத் தெரியும்?”

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளை அசைத்தது. தன் தையல் இரண்டு தடவை திரும்பி வந்ததை அவளால் ஏற்க முடியவில்லை. தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

இடம் பதினெட்டாம் தெருவில். அந்தக் காலத்தில் செக் நாட்டுக்காரர்கள் உடற்பயிற்சிக்குக் கட்டிய மண்டபம். சுவரில் ஏறிப் பழகும் கட்டைகள் அப்படியே இருந்தன. உள்ளே நூறு பேர் இருப்பார்கள், பாதிப் பேருக்கு மூக்கிலோ புருவத்திலோ வளையம். வாசலில் ஒரு அம்மா வாளியில் சோளமாவில் வேகவைத்த தமாலே விற்றுக்கொண்டிருந்தாள். அவளையும் எங்களையும் விட்டால் அங்கே நரைத்த தலை கிடையாது.

ஆரம்பித்தார்கள். அடியில் ஓடியது எங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லோரும் ஆடுகிற கும்பியா தாளம்தான். ஆனால் அதன்மேல் எலெக்ட்ரிக் கிடார் லாரி பிரேக் போடுவதுபோல அரைத்தது. டிரம்பெட் ஒன்று குறுக்கே புகுந்து தன் பாட்டுக்கு ஏதோ சொல்லிவிட்டு ஓடியது. சித்லாலி குதித்துக் குதித்துப் பாடினாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. மூன்றாவது பாட்டில் வெளியே போய் தமாலே வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தபோது இமெல்டா நான் விட்ட இடத்தில் இல்லை. கூட்டத்துக்குள் நகர்ந்து, மேடைக்கு இடது பக்கம், தன் உயரத்துக்கு நின்ற ஒலிபெருக்கிக்கு அருகில் போயிருந்தாள். ஆடவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அப்போது ஓடிய பாட்டு, பிப்ரவரி மாதத்தில் நனைந்த காலுறையோடு பஸ்ஸுக்கு நிற்கிற ஒருத்தியைப் பற்றியது. அதற்கடுத்தது, அம்மா வங்கிக்காரனிடம் சொல்ல நினைத்ததை ஆங்கிலமாக்கிச் சொல்லும் சின்னப் பெண், அம்மா திட்டியதை மட்டும் விழுங்கிவிடுவதைப் பற்றியது. நாங்கள் வீட்டில் பேசுகிற அதே ஸ்பானிஷ், அழகுபடுத்தாத ஸ்பானிஷ்.

ரயிலில் திரும்பும்போது கேட்டேன். “தையல் தாங்குச்சா கொமாத்ரே?”

“பாக்க மறந்துட்டேன்.”

இரண்டு வாரம் கழித்து அவள் தனியாகப் போனாள். அதன் பிறகு மண்டபத்தில் எந்தக் குழு வந்தாலும் போனாள். சித்லாலியின் குழு மட்டுமல்ல, மில்வாக்கியிலிருந்து வந்தவர்கள், மாண்டெரேயிலிருந்து வேனில் வந்தவர்கள், ஒரு தடவை பொகோட்டாவிலிருந்து ஐந்து பேர். திங்கட்கிழமை கடையில் எனக்கு விவரம் சொல்வாள். “டிரம்ஸ் நல்லா இருந்துச்சு. பாடினவன்தான் ரொம்ப அழுதான்.” அவ்வளவுதான் விமர்சனம். ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். “ரேடியோல வர்றது எல்லாம் யாரோ யாருக்கோ பாடறது கொமாத்ரே. எங்கப்பாவுக்கு ஒண்ணு, ரோகெலியோவுக்கு ஒண்ணு. இது எனக்குன்னு யாரும் பாடல. ஆனா நான் அங்க நின்னா எனக்கும் சேத்துத்தான் பாடறாங்க.” இதைச் சொல்லிவிட்டு நூலைக் கடித்துத் துண்டித்தாள்.

ரோகெலியோவிடம் அவள் சொன்னது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குழுவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். கச்சேரிக்கு என்றால் யாரோடு என்று கேட்பார், தனியாக என்றால் நம்பமாட்டார் என்பது அவள் கணக்கு. அவர் முதலில் பெருமைப்பட்டார், டோமினோ ஆடும் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டார். குளிர்காலம் வந்ததும் முனகத் தொடங்கினார். ஞாயிறு சாயங்காலம் சூப்பைத் தானே சூடுபண்ணிக் குடிக்க வேண்டியிருந்தது. பனி கொட்டும் ஒரு ஞாயிறு, சாயங்காலப் பூசை முடிந்ததும் ஃபாதர் அர்மாண்டோவைத் தனியே பிடித்தார்.

“ஃபாதர், தப்பா நெனைக்காதீங்க. பக்தி வேணுந்தான். ஆனா எம் பொண்டாட்டிய கொஞ்சம் வீட்டுக்கும் விடுங்க.”

“உங்க வீட்டம்மாவையா? காலைப் பூசைக்கு வர்றதோட சரி. ஜெபக்குழுவுல அவங்கள நான் பாத்ததே இல்லையே.”

ரோகெலியோ நேராக என் வீட்டுக்கு வந்தார். பனிபடிந்த பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. முகம் சாம்பலாகியிருந்தது.

“நீங்க மறைக்காதீங்க கொமாத்ரே. ஆளு யாரு?”

“ஆளே இல்ல. வண்டிய எடுங்க, காட்டறேன்.”

அவர் நம்பவில்லை. வழிநெடுக ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒருவனை உருவாக்கிக்கொண்டிருந்தார். கடைக்கு நூல் விற்க வருகிறவனா, பழைய வீட்டுக்காரனா என்று என்னைக் கேட்டார். மண்டப வாசலில் மூக்கில் வளையம் போட்ட பையன் ஒருவன் உள்ளே போகிறவர்களின் கையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தான்.

“யாரப் பாக்கணும் சார்?”

“எம் பொண்டாட்டிய. இமெல்டா.”

“அடடே, டோன்யா இமெல்டா வீட்டுக்காரரா! உங்களுக்கு டிக்கெட்டே வேணாம், உள்ள போங்க. அவங்க இடம் தெரியுமில்ல? இடது பக்கம்.”

தன் மனைவிக்கு இங்கே ஒரு இடம் இருக்கிறது என்பதும், அதற்கு ஒரு மூக்குத்திப் பையன் தனக்கு வழிசொல்கிறான் என்பதும் அவருக்கு ஆளைக் கண்டுபிடிப்பதைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போனார். இமெல்டா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், கைப்பையைப் பிடித்தபடி, தனியாக நின்றாள். அவர் அவளுக்கு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவர் மகளைவிட இளையவர்கள்.

சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“யாருடி அவன்?”

“எவன்?”

“நீ பாக்க வந்தவன்!”

இமெல்டா மேடையைக் காட்டினாள். “அஞ்சு பேரு நிக்கிறாங்க. அதுல ரெண்டு பொண்ணு.”

“இதுக்கா வர்ற? இந்தச் சத்தத்துக்கா?”

“இதுக்குத்தான்.”

அவர் இரண்டு பாட்டு நின்றார். பிறகு “வா, போலாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவள் பின்னாலேயே வருவாள் என்று நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். வாசலில் அவர் திரும்பிப் பார்த்தபோது பின்னால் நான் மட்டும்தான் இருந்தேன். கச்சேரி முடியும்வரை நாங்கள் இருவரும் வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் ரேடியோவைத் தொடவில்லை.

அவள் வந்து முன்சீட்டில் ஏறினாள். ரொம்ப தூரம் வந்தபின் அவர் வாயைத் திறந்தார்.

“ஏ கிழவி. மாதாவச் சாட்டிப் பொய் சொல்லியிருக்க.”

“ஆமா. அது தப்புதான். ஃபாதர்கிட்ட சொல்லிடறேன். பாட்டு தப்பில்ல.”

ஃபாதரிடம் சொன்னதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். பாட்டில் கெட்ட வார்த்தை வருமா என்று கேட்டாராம். ஒன்றிரண்டு வரும் என்றாளாம். நீயும் கூடப் பாடுவாயா என்று கேட்டாராம். வார்த்தை தெரிந்தால் பாடுவேன் என்றாளாம். பொய்க்கு மட்டும் பரிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டில் இரண்டு மாதம் அவர்களுக்குள் பேச்சு குறைவாக இருந்தது. அவள் ஞாயிறு போவதை நிறுத்தவில்லை. ரோகெலியோ தடுக்கவும் இல்லை, விரும்பவும் இல்லை. “உன் இரைச்சலுக்கு நேரமாச்சு” என்று கடிகாரத்தைக் காட்டுவார். சாலை உறைந்துகிடக்கும் நாட்களில் அவரே கொண்டுபோய் இறக்கிவிட்டு, எதிர் பேக்கரியில் இனிப்பு ரொட்டியும் காபியுமாக உட்கார்ந்திருப்பார். மண்டபத்துக்குள் மறுபடி அவர் கால் வைத்ததே இல்லை.

அதன்பின் அந்த மண்டபம் நான்கு வருடம்தான் இருந்தது. விற்றுவிட்டார்கள். புதிய சொந்தக்காரர் அடுக்ககம் கட்டினார். சித்லாலியின் குழு அதற்கு முன்பே உடைந்துவிட்டது. கிடார்காரனுக்குக் குழந்தை பிறந்தது, டிரம்பெட் வாசித்த பெண் ஆசிரியை வேலைக்குப் போனாள், சித்லாலி மெக்சிகோ நகரத்துக்குக் குடிபோனாள். இமெல்டா கண்ணீர் விட்டதாக எனக்கு நினைவில்லை. “வடக்கே ஒரு இடம் இருக்காம், ரெண்டு ரயில் மாறணும்” என்றாள். மாறிப் போனாள். டாக்கோ கடைகளின் பின்கட்டு, பூங்காக்களின் கோடை விழா, நூலக அடித்தளம் என்று எங்கெங்கோ போனாள். அவளுக்கென்று விருப்பு வெறுப்புகள் வளர்ந்தன. கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வாசிக்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. “துணிதுவைக்கற கடை மாதிரி இருக்கு, பட்டன அமுக்கிட்டு நிக்கறான்” என்பாள்.

டெக்சாஸில் வேலைபார்க்கும் இமெல்டாவின் மகள் லூர்தெஸ் ஒரு கோடையில் வந்திருந்தாள். இமெல்டா அவளைப் பூங்கா விழாவுக்கு அழைத்துப்போனாள், நானும் இருந்தேன். இரண்டாவது குழு வாசிக்கத் தொடங்கியதும் லூர்தெஸ் அம்மாவின் பக்கம் திரும்பினாள். சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

“அம்மா, நான் ஸ்கூல் படிக்கறப்ப இதே மாதிரிதான் கேட்டேன். நிறுத்துடின்னு கதவத் தட்டுவியே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“இப்ப மட்டும்?”

“நீ கதவச் சாத்திக்கிட்டு கேட்ட. வெளிய இருந்து கேட்டா இரைச்சலாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் உள்ள கூப்பிட்டிருக்கலாம்ல?”

“நீ வந்திருப்பியா?”

இமெல்டா யோசித்தாள். “வந்திருக்க மாட்டேன்” என்றாள்.

லூர்தெஸ் வேகவைத்த சோளம் வாங்கி வந்து அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்தாள். இருவரும் மிச்சக் கச்சேரியை நின்றே கேட்டார்கள்.

இமெல்டாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்கவில்லை என்று கடை வேலையை விட்டுவிட்டாள். இடது காது கொஞ்சம் மந்தம். மருத்துவர் திட்டியதால் ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைத்துக்கொள்கிறாள். போன மாதம் புவெப்லாவிலிருந்து ஒரு குழு வந்தது. எல்லாம் பெண்கள். அதைக் கேட்கப் போகிறவளை ரயிலடியில் பார்த்தேன். எப்படிப்பட்ட குழு என்று கேட்டேன். இதுவரை கேட்டதில்லை, போனால்தான் தெரியும் என்றாள். ரயில் வந்தது, ஏறிக்கொண்டாள்.