தியாகலிங்கம் அத்தானின் நம்பர்

எங்கள் ஊரவர் ஒன்றியத்தின் தலைவர் பதவிக்குத் தியாகலிங்கம் அத்தான் போட்டியிட்ட கதை கனடாவின் ஸ்காபரோவில் பலருக்குத் தெரியும். ஏன் போட்டியிட்டார் என்பது வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி அக்கா கேட்டாள். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம் எல்லாவற்றையும் அவளே எழுதிவிட்டாள். மிச்சம் இதுதான்.

அத்தான் சம்பளத்துக்கு வேலை செய்தது பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில். ஊர் அவரை அறிந்தது சம்பளமில்லாத இன்னொரு வேலையால். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், அந்த வீட்டார் முதலில் அத்தானுக்குச் சொல்வார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் சொல்வார். யார் யாருக்கு என்ன முறை, யாருக்கு முதலில் சொல்லாவிட்டால் கோபம் வரும், யாருக்கு மகன் வேலையால் வந்தபிறகுதான் சொல்லலாம் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எடுத்தவுடன் செய்தியைச் சொல்லமாட்டார். "சாப்பிட்டாச்சோ?" என்று முதலில் கேட்பார். இழவுச் செய்தி கேட்டால் குளிக்காமல் வாயில் ஒன்றும் வைக்காதவர்கள் எங்கள் ஆட்கள். சோற்றில் கை வைத்தவர் பசியோடு எழும்பக்கூடாது என்பது அவருடைய எண்ணம். இன்னும் இல்லை என்று சொன்னால், சாப்பிட்டுவிட்டு எடுக்கச் சொல்லி வைத்துவிடுவார். அந்தச் சாப்பாடு தொண்டைக்குள் எப்படி இறங்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்படியே ஆண்டுகள் போக, அவருடைய நம்பர் திரையில் விழுந்தாலே வீடுகளில் தொலைக்காட்சியை நிறுத்தத் தொடங்கினார்கள்.

மகள் துவாரகாவுக்குப் பிள்ளை பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே விட்பியில் இருக்கும் கோணேஸ்வரிக்கு எடுத்தார். அவர் அத்தானின் சித்தப்பா மகள், கூடவே வளர்ந்தவர். அத்தான் வாயைத் திறக்குமுன்னரே அவர், "ஐயோ அண்ணை, ஆர்?" என்று குழறிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். வீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்துத் தெளியவைத்தார். பிள்ளை பிறந்திருக்கிறது என்று அத்தான் சொன்னபோது, "அப்பாடா, வேறை ஒண்டுமில்லையே" என்று வைத்துவிட்டாராம். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. அத்தான் அன்று வேறு ஒருவருக்கும் எடுக்கவில்லை.

அடுத்த கிழமை, புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தலைவர் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கேன் உந்த வேலை என்று கேட்டாள்.

"தலைவர் எண்டால் பொங்கலுக்குக் கூப்பிடலாம், ஒன்றுகூடலுக்குக் கூப்பிடலாம்," என்றார் அத்தான். "நான் எடுக்க ஆக்கள் சிரிச்சுக்கொண்டு கதைக்க வேணும் பேபி. ஒருக்காலெண்டாலும்."

அக்கா அதற்குமேல் சிரிக்கவில்லை.

எதிர்த்து நின்றவர் இராசரத்தினம். வீடு விற்பவர். மார்க்கம் ரோட்டுப் பஸ் தரிப்பிட வாங்குகளில் உள்ள விளம்பரங்களில் எல்லாம் அவருடைய முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அத்தானுடைய பிரசாரத்தைத் துவாரகா கையில் எடுத்தாள். "அப்பா, உங்கட பிராண்டே டெத்துதான். முதல்ல அதை மாத்தோணும், ஓகே?" என்று தொடங்கி இரண்டு கட்டளைகள் போட்டாள். சிரிக்க வேண்டும், சாப்பிட்டாச்சோ என்று கேட்கக் கூடாது. அத்தான் கண்ணாடிக்கு முன் நின்று சிரித்துப் பழகினார். கைக்குழந்தை பார்த்துவிட்டு அழுதது.

வாக்குக் கேட்டு எடுத்த தொலைபேசிகளில் ஒரு விசேஷம் இருந்தது. முதல் மணியிலேயே எல்லோரும் எடுத்தார்கள். அப்படி ஒரு பாக்கியம் எந்த வேட்பாளருக்கும் கிடைத்திராது. ஆனால் யாரும் சாகவில்லை என்று நிச்சயமாகும்வரை பயத்தில் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நிச்சயமான பிறகு நிம்மதியில் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அன்புராசா அண்ணை மட்டும் பொறுமையாக முழுக் கொள்கை விளக்கத்தையும் கேட்டார். முடிந்ததும், "எல்லாம் சரி தம்பி, உடலைப் பார்வைக்கு எங்கை வைக்கினம்?" என்றார்.

துண்டுப்பிரசுரம் அடுத்த அடி. கோட்டுப் போட்டு அத்தான் எடுத்த படம் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. வழக்கமாக நினைவு மலர்கள் அடிக்கும் அச்சகத்தில் கொடுத்தார். அவர்கள் கைப்பழக்கத்தில் படத்தின் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்துவிட்டார்கள். அது வீடுகளுக்குப் போன அன்று பின்னேரம், இரண்டு குடும்பங்கள் பாத்திரங்களில் சாப்பாட்டோடு அக்காவைப் பார்க்க வந்தன. கதவைத் திறந்தது அத்தான். வந்தவர்களை உள்ளே இருத்தி, அந்தச் சாப்பாட்டையே பரிமாறி, வாக்கும் கேட்டார்.

தேர்தல் நாளன்று மண்டபம் நிரம்பியிருந்தது. இராசரத்தினம் முதலில் பேசினார். நயாகராவுக்குப் பஸ் விடுவேன் என்றார், இரண்டு பகிடி விட்டார், கைதட்டு வாங்கினார். பிறகு அத்தானைக் கூப்பிட்டார்கள். அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் போய்த் தொண்டையைச் செருமினார்.

ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, மௌன அஞ்சலிக்கு அழைப்பவரும் அத்தான்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். அவரைப் பார்த்து மற்றவர் எழும்பினார். கதிரைகள் சரசரவென்று பின்னே போக, முழு மண்டபமும் எழும்பித் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. இராசரத்தினமும் நின்றார். அத்தான் கையிலிருந்த பேச்சைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். இத்தனை பேர் மரியாதையாக நிற்கும்போது நயாகராவைப் பற்றியா பேசுவது? அவரும் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நன்றி, இருங்கோ" என்றார். சொல்லிவிட்டுத் தானும் போய் இருந்துவிட்டார்.

அவருக்கு விழுந்த வாக்குகளை எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை. அதில் அக்காவுடையது இருந்ததா என்று கடைசிவரை அவருக்குச் சந்தேகம்.

கொஞ்ச நாளில் இராசரத்தினம் வீட்டுக்கு வந்தார். கோடைகால ஒன்றுகூடலுக்கு ஆட்களை அழைக்க வேண்டும், அதை அத்தான்தான் செய்து தர வேண்டும் என்று கேட்டார். ஏன் நீங்களே எடுக்கலாமே என்றார் அத்தான், கொஞ்சம் விறைப்பாக.

"என்ர நம்பரைக் கண்டால் வீடு விக்க வாறான் எண்டு ஒருத்தரும் எடுக்கினமில்லை அண்ணை. நீங்கள் எடுத்தால் எடுக்காத ஆள் இருக்கோ?"

அத்தான் அன்றைக்கே தொடங்கினார். முதல் வருடம் சனம் வழக்கம்போலப் பதறியது. அவர் விடவில்லை. ஒன்றுகூடல் முடிந்ததும் பொங்கலுக்கு எடுத்தார். பிறகு யாருடைய பிள்ளைக்குச் சோதனை பாஸ், யாருடைய மகளுக்குச் சாமத்தியவீடு, எந்தக் கடையில் நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்திருக்கிறது என்றெல்லாம் எடுத்துச் சொல்லத் தொடங்கினார். மாம்பழச் செய்திக்காக வேலை நேரத்தில் எடுத்து ஏச்சு வாங்கிக் கட்டியதும் உண்டு. துவாரகாவின் கட்டளையில் பாதியை மட்டும் கடைப்பிடித்தார். நல்ல செய்தி என்றால் நேரே சொல்லிவிடுவார். சாப்பிட்டாச்சோ என்ற கேள்வியைச் சாவுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார். சிரிக்க மட்டும் கடைசிவரை வரவில்லை. தொலைபேசியில் அது தெரியாதுதானே.

போன மாதம் அத்தான் நித்திரையிலேயே போய்விட்டார். விடிந்ததும், ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றாள் அக்கா. யாரிடம் கொடுத்துச் சொல்விப்பது என்று ஒருவரையொருவர் பார்த்தோம். நம்பர்கள் எல்லாம் அவருடைய போனில்தான் இருந்தன. அதையே எடுத்து, முதலில் சொல்லாவிட்டால் கோபிக்கக்கூடிய கோணேஸ்வரி அக்காவுக்கு அடித்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்கோ அண்ணை," என்றார். குரல் முழுக்கச் சிரிப்பு. "என்ன, பேத்திக்கு மற்றப் பல்லும் விழுந்திட்டுதோ?"

எனக்கு வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"சாப்பிட்டாச்சோ அக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு, அடுப்பை நிற்பாட்டுகிற சத்தம் கேட்டது.