கடம்பமரத்தடிக் குடை

மேகம் ஒரு பொட்டும் இல்லாத தை மாதக் காலையிலும் டிம்பேஸ்வர் கலிதா குடையை விரித்துக்கொண்டுதான் தன் வீட்டு முற்றத்தில் இறங்குவார். மேலே கடம்பமரம், அதில் ஒன்பது கூடுகள், கூட்டுக்கு ஒரு ஜோடி ஹர்கிலா நாரை. முக்கால் ஆள் உயரம், வழுக்கைத் தலை, குப்பைமேட்டு எலும்பையும் விழுங்கும் வயிறு. குஞ்சுக்கு ஊட்டும்போது தவறுவதெல்லாம் கலிதாவின் குடைக்கு.

"எறங்கி வாங்கடா பொணந்தின்னிகளா" என்று அண்ணாந்து திட்டுவார். திட்டியபடியே, விழும் குஞ்சைத் தாங்க மரத்தடியில் கட்டிய வலையை மூலைக்கு மூலை இழுத்துப் பார்ப்பார். யாராவது கவனித்துவிட்டால், "எல்லாம் பொண்டாட்டி தொல்லை" என்பார். மனைவி ஹிரண்யா ஊர்ப் பெண்களைக் கூட்டி, முட்டையிடும் காலத்தில் நாரைகளுக்கு வளைகாப்பே நடத்துகிறவள். "நம்ம ஜோன்மணி இவ வயித்துல இருந்தப்பக்கூட இத்தனை பாயசம் நான் பாக்கல" என்று குறைப்பட்டுக்கொண்டே மூன்று கிண்ணம் குடிப்பார்.

தொழில் தச்சு. எந்த மரத்தைப் பார்த்தாலும் அவருக்கு அலமாரியாகத்தான் தெரியும். இது ஒன்றுதான் மரமாகத் தெரிந்தது.

மகள் ஜோன்மணியைப் பெண் பார்க்க வந்த அன்று, நாற்காலிகளை மரத்திலிருந்து பன்னிரண்டு முழம் தள்ளி, அளந்துதான் போட்டார். காற்றை அளக்க மறந்துவிட்டார். மாப்பிள்ளையின் மாமா புலின் பருவா தாம்பூலத் தட்டை நோக்கிக் கை நீட்டியபோது, பாதி மீன்தலை வெற்றிலையின் மேல் வந்து உட்கார்ந்தது.

"மேல இருக்கறவங்க வீட்டு மரியாதை அது. எடுத்துக்குங்க" என்றாள் ஹிரண்யா.

பருவா சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம வருவேன். அதுக்குள்ள மரத்த வெட்டியிருக்கணும். இல்லைன்னா சம்பந்தம் இல்ல."

கூடுகளில் இறக்கை முளைக்காத குஞ்சுகள். மூன்று நாள் கலிதா ரம்பத்துக்கு அரம் போட்டார். ஹிரண்யா சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. நான்காம் நாள் தறியில் இருந்த மகளிடம் போய் நின்றார்.

"நீ என்னம்மா சொல்ற?"

ஜோன்மணி நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாமா அத்தன பேசினாரே. மாப்பிள்ள ஒரு வார்த்த பேசினாராப்பா?"

கலிதா தறிச்சட்டத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

ஞாயிறு காலை ரம்பச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. படலைத் தள்ளிக்கொண்டு வந்த பருவாவின் முகம் மலர்ந்தது. உள்ளே வந்து பார்த்தால், அறுபட்டுக் கிடந்தது மூங்கில். பழைய வலைக்கு அடுத்து, இன்னொரு வலைக்குக் கால்கள்.

கலிதா ரம்பத்தைக் கீழே வைத்தார். வீட்டுக்குள் போய் இன்னொரு குடையைக் கொண்டுவந்தார். விரித்து, பருவாவின் தலைக்கு மேல் பிடித்தார்.