முப்பத்தெட்டுப் பேரும் இரண்டு சின்னக் கோடுகளும்

அந்தக் கணினி நிரலை எழுதி முடித்த வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. தொண்ணூறுகளின் கடைசி. ஏற்காட்டில் ஒரு மாடி அறை, ஒரு கணினி, மழை வந்தால் படுத்துக்கொள்ளும் ஒரு தொலைபேசி இணைப்பு. என் அலுவலகம் அவ்வளவுதான். மலைக்குக் கீழே இருந்த ஒரு கண் மருத்துவமனைக்கு வேலை செய்தேன். முகாம் நடக்கும் ஊர்களிலிருந்து நோயாளிகளின் பட்டியலைக் கணினியில் தட்டச்சு செய்து கொண்டுவருவார்கள். அந்தக் கோப்பை சர்வரில் ஏற்றினால், என் நிரல் அதைப் பிரித்து, பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, இணையப் பக்கமாக மாற்றிவிடும். கீழே அதைப் பார்த்துப் படுக்கை ஒதுக்குவார்கள். சர்வரில் இடம் குறைவு என்பதால், மாற்றி முடித்ததும் மூலக் கோப்பை அழித்துவிடும்படியும் எழுதியிருந்தேன். அதில் எனக்குத் தனிப் பெருமை.

தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு ரைட்டரம்மா ஃப்ளாப்பியோடு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் குடும்பத்தில் பிறந்து, தட்டச்சு படித்து, அதே எஸ்டேட் ஆபீசில் எழுத்து வேலைக்கு வந்தவர். முந்தின வாரம் அங்கே நடந்த முகாமில் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லக் கணினியில் அடித்ததும் அவர்தான். முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஆபரேஷன்' அல்லது 'கண்ணாடி'. ஆபரேஷன் என்று இருப்பவர்களை மறுநாள் காலை மருத்துவமனை வேன் வந்து அழைத்துப் போகும். பட்டியலை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். அப்போது மணி இரண்டு.

ஃப்ளாப்பி கரகரவென்று முனகியபடி கோப்பைக் கொடுத்தது. நான் ஏற்றினேன். பக்கம் திரையில் வந்ததும், படம் போட்டுக் காட்டுகிறவனைப் போல நாற்காலியைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தார். பாதியில் விரல் நின்றது.

"ஏனுங்க சார், எங்கம்மாளுக்குக் கண்ணாடின்னு வருதுங்களே? டாக்டர் ஆப்ரேசன்னுதானுங்க சொன்னாரு."

"நீங்க அடிச்சதுதாங்க வரும். மிஷின் தானா ஒண்ணும் பண்ணாது," என்றேன். குரலில் கொஞ்சம் கடுகடுப்பு இருந்திருக்கும்.

அவர் கோபப்படவில்லை. இன்னொரு முறை பார்த்தார். அம்மாவின் பெயருக்கு எதிரே இரண்டு சின்னக் கோடுகள்தான் இருந்தன. மேலே உள்ளதேதான் கீழேயும் என்று காட்ட, ஆபீஸ் பேரேடுகளில் காலங்காலமாகப் போடுகிற டிட்டோ. எஸ்டேட் ரைட்டர்கள் அது இல்லாமல் ஒரு பக்கம் எழுத மாட்டார்கள்.

"நான் லைன் ஊடு வரிசையில அடிச்சனுங்க. உங்க மிஷின் ஆளை இடம் மாத்திப்புடுச்சு. கோடு மட்டும் கூடவே போயிருச்சு. இப்ப யாரு தலைக்குக் கீழ நிக்கறாங்களோ, அவங்களுதுன்னு ஆகிப்போச்சுங்க."

கணினியைத் தொட்டு ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண், நான் மாதக்கணக்கில் எழுதியதன் ஓட்டையை இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். மூலக் கோப்பை எடுக்கலாம் என்றால், சர்வரில் அதை என் நிரலே அழித்துவிட்டது. ஃப்ளாப்பியை மறுபடி போட்டேன். படிக்கவில்லை. வெளியே எடுத்து மூடியை நகர்த்திப் பார்த்தால் தகட்டில் பூஞ்சை. ஏற்காட்டு ஈரத்துக்கு அது சகஜம். எஸ்டேட் கணினியில் பிரதி இருக்குமா என்றேன். மானேஜர் கணினியில் எதையும் சேமிக்க அவருக்கு அனுமதியில்லை. திரும்பிப் போய்க் கேட்டு வரவும் வழியில்லை. பஸ்ஸில் போய் வருவதற்குள் ஐந்து தாண்டிவிடும். பறிப்புக் காலம் வேறு, ஆட்கள் காடெல்லாம் சிதறியிருப்பார்கள்.

அவர் அம்மாவுக்கு இரண்டு வருடமாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பழம் எது காய் எது என்று தெரியாமல் கையால் தடவிப் பறித்து, கூடையில் பாதி பச்சையாக விழுந்து, மேஸ்திரியிடம் தினமும் ஏச்சு. அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்டு, நான் ஒரு பெரிய மனுஷத்தனம் செய்தேன். "உங்க அம்மா பேரை மட்டும் இப்பவே திருத்திடறேங்க. அவங்க நாளைக்கு வேன்ல போயிடலாம்."

அவர் முகம் மாறியது. "எங்கம்மாளுக்குத் தப்புன்னா மத்தவங்களுக்கும் தப்புதானுங்களே சார்? முப்பத்தெட்டையும் திருத்தோணும். நான் சொல்றனுங்க, நீங்க அடிங்க."

கண்ணை மூடிக்கொண்டார். லைன் என்று சொல்கிற தொழிலாளர் குடியிருப்பின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனார் என்றுதான் சொல்லவேண்டும். "முத ஊட்டுல தாத்தா, கண்ணாடி. கண்ணாடின்னதும் நொம்ப சந்தோசமாச் சிரிச்சாருங்க. அடுத்த ஊட்டுல புருசனுக்கு ஆப்ரேசன், பொண்டாட்டிக்குக் கண்ணாடி. அந்தம்மா அழுதுட்டு நின்னுச்சு. குழாயடி ஊட்டுப் பெரியம்மா ஆப்ரேசன். மாட்டை யாரு பாக்கறதுன்னு டாக்டர்கிட்டயே சண்டைக்குப் போச்சுங்க." எங்கேயும் தடுமாறவில்லை. ஒரே ஒரு முறை நிறுத்தி, இரண்டு வீடு பின்னால் போய், மறுபடி நடந்து வந்தார். நான் டிட்டோவே இல்லாமல் முப்பத்தெட்டுக்கும் முழுச்சொல்லாக அடித்தேன். தொலைபேசி இணைப்பு நடுவில் இரண்டு தடவை அறுந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பக்கம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை வேனில் நானும் எஸ்டேட்டுக்குப் போனேன். மனசு கேட்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு என் தாளில் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. நிரல் எழுதுகிறவன் என்ற திமிர் எனக்கு அன்றோடு பாதி இறங்கியது. மூலத்தை அழிக்கும் வரியை அன்று மாலையே தூக்கிப்போட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களோடு வேலை செய்துவிட்டேன். அந்த ரைட்டரம்மா மேல் வந்த மரியாதை வேறு யார் மேலும் எனக்கு வந்ததில்லை.

ஆபரேஷன் முடிந்தவர்களை ஒரு வாரம் கழித்து வேன் ஏற்காடு பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டது. ரைட்டரம்மா காத்துக்கொண்டு நின்றார். நானும் மாடியிலிருந்து இறங்கிப் போனேன். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு படி இறங்கினார். கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும், மகள் பக்கத்தில் வந்ததும் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டி மகளின் காதோரத்தைத் தொட்டார்.

"ஏங்கண்ணு, தலையெல்லாம் இப்பிடி நரைச்சுக் கெடக்குது? எப்பருந்து?"

"இப்பத்தாம்மா, ரெண்டு நாளாத்தான்," என்றார் மகள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லாத சாமி," என்றார் அம்மா. "எனக்குத்தான் இப்பக் கண்ணு தெரியுதே."