நர்மதாவின் டார்ச்

அன்பரசன் சாரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் பிஎச்.டி. ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு அவர். என்னோடு ஆராய்ச்சி செய்யும், மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலிருந்து வரும் நர்மதா உள்ளே நுழைந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வார். நாள் முழுக்க மணலி ஆலைப் புகையை இழுக்கிற மூக்குக்கு என்ன கேடோ!

நர்மதா மூன்று வருடம் மல்லுக்கட்டி ஒரு மூலக்கூறு செய்திருந்தாள். ஒரு பக்கம் இரும்பு அணு, மறுபக்கம் கோபால்ட் அணு, நடுவே அவற்றைப் பிணைக்கும் பாலம். கடுங்குளிரில் வைத்து வெளிச்சம் காட்டினால் இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் கோபால்ட்டுக்குத் தாவ வேண்டும். தாவினால் அளக்கும் மெஷினின் திரையில் கோடு நகரும். குளிர் விடும்வரை அது திரும்பி வராது.

மூன்று முறை சோதித்தாள். கோடு அசையவே இல்லை.

"செத்த சரக்கு. தூக்கிப் போடு," என்றார் சார். "வெள்ளிக்கிழமை கமிட்டியில உன் பதிவை ரத்து பண்ணச் சொல்லப் போறேன். மீன் விக்கிற வீட்டுக்கு இதெல்லாம் எதுக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளி காலை அவள் அம்மா கோவிந்தம்மா, ஐஸ் போட்டு மூடிய மீன் பெட்டியை வழக்கம்போல மறுபடி திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தாராம். நர்மதாவுக்குச் சட்டென்று உறைத்தது. இருட்டில் குளிரவைத்த மூலக்கூறையும் அவள் அப்படித்தான், சரியாக உறைந்திருக்கிறதா என்று, செல்போன் டார்ச்சில் நின்று நிதானமாகப் பார்ப்பாள். எலக்ட்ரான் அப்போதே தாவிவிட்டிருக்கிறது! மெஷின் வெளிச்சம் போட்டபோது தாவுவதற்கு மிச்சமில்லை.

சொன்னால் சார் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவார். சொல்லாவிட்டால் மூன்று வருடமும் குப்பையில். கமிட்டி முன்னால் எழுந்தாள்.

"தப்பு என்னுது சார். மீன் பெட்டில அடிக்கிற பழக்கத்துல இதுக்கும் டார்ச் அடிச்சிட்டேன். சரக்கு சாவல. இருட்டுல வெச்சி இன்னொரு வாட்டி பாருங்க."

சார் விழுந்து விழுந்து சிரித்தார். கமிட்டியில் இருந்த சாபிரா மேடம் சிரிக்கவில்லை. "வைங்க, பார்ப்போம்," என்றார்.

குளிர் விட்டபின், டார்ச் இல்லாமல் இருட்டில் மறுபடி குளிரவைத்தார்கள். வெளிச்சம் பட்டது. கோடு நகர்ந்தது. நான் கத்தியே விட்டேன்.

சார் தொண்டையைச் செருமினார். "கட்டுரை எழுதலாம். இந்த டார்ச் கதை மட்டும் வேணாம். நமக்கு அசிங்கம்."

"எழுதுவேன் சார்," என்றாள் நர்மதா. "இன்னொருத்தரு டார்ச் அடிச்சிட்டு, நல்ல சரக்க செத்துட்ச்சின்னு தூக்கிப் போட்றக் கூடாது பாருங்க."

கட்டுரையின் நாலாம் பக்கத்தில் அந்த டார்ச் வரி இருக்கிறது. சார் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை.