சிரிக்காத ஒரு ஆளை அம்மன் அனுப்பினாள்

அட்டை கடித்தே சாகப்போகிறேன் என்று நான் நம்பினேன். புலியில்லை, பாம்பில்லை, அட்டை. தேயிலைக் காட்டில் பிறந்து, காலில் அட்டை ஏறாத மழைக்காலத்தையே பார்த்திராத ஐம்பது வயது ஆம்பளை நான் இப்படி நம்பினேன் என்பதை நம் மாரியம்மன் பக்தர்கள் முன்னால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

என்னைத் தெரியாதவர்கள் குறைவு. நானுஓயா ஸ்டேஷனில் ஓட்டோ வைத்திருப்பவன். கல்யாணமோ கருமாதியோ, நாலு பேர் கூடினால் தோட்டத்துத் துரை மாதிரியும் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு மாதிரியும் முகத்தை வைத்துக்காட்டிச் சிரிக்க வைக்கிறவன்.

போன வருஷம் நெஞ்சு கண்டபடி அடிக்க ஆரம்பித்தது. தண்ணி போட்டவன் அடிக்கிற தப்பு மேளம் மாதிரி, தாளமே இல்லை. டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க வார்பரின் மாத்திரையைத் தினமும் போட வேண்டும், கிளினிக்கில் வந்து இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார்கள். "இரத்தம் கொஞ்சம் தண்ணியாகும், காயம் படாமப் பார்த்துக்கங்க" என்றார் நர்ஸ் மிஸ்ஸி. எனக்கு அதில் ‘தண்ணி’ மட்டும்தான் மனதில் நின்றது.

வைகாசி மழையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் விரல் இடுக்கில் அட்டை கடித்த இடம். வழக்கமாகச் சவர்க்காரம் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் இரத்தம் நின்றுவிடும். நிற்கவில்லை. துணி கட்டினேன். நனைந்தது. இன்னொரு துணி கட்டினேன். அதுவும் நனைந்தது.

"புஷ்பம், என் தங்கச்சிக்குப் போன் போட்டு வரச் சொல்லு. உடம்புல இருக்குற இரத்தம் பூரா போய்க்கிட்டு இருக்கு."

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அட்டைக் கடிக்கா? தேங்காய் துருவுறப்ப எனக்கு இதைவிட வந்துச்சு. நான் யாருக்காச்சும் போன் போட்டேனா?"

"உன் இரத்தம் கெட்டி. எனக்குத் தண்ணி."

"அப்ப கெட்டியாப் புடிச்சுக்கிட்டுப் படுங்க."

அப்படியே பிடித்துக்கொண்டு படுத்தேன். இரத்தம் நின்றது. பயம் நிற்கவில்லை.

மறுநாள் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினேன். "தாயே, இந்த மாத்திரை என்னைக் கொல்லப் பார்க்குது. இனிமே நான் போடல. நெஞ்சை நீயே பார்த்துக்க." இதைப் பெரிய பக்தி என்று நினைத்தேன். பயத்துக்குத் திருநீறு பூசி வைத்திருந்தேன், அவ்வளவுதான். புஷ்பம் தரும் மாத்திரையை நாக்குக்குக் கீழே ஒதுக்கி, வெளியே போய் லீக்ஸ் பாத்தியில் துப்புவேன். அந்த லீக்ஸுக்கு இருதய வியாதி வந்திருக்க நியாயமே இல்லை. கிளினிக் நாள் வந்தால், ஹயர் சவாரி இருக்கிறது என்று ஓட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஆடித் திருவிழாவுக்கு முந்தின கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நடந்தது. பிளேன்டீ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தேன். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது. ‘டீ சூடு’ என்று சொல்லப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு ஏதோ சத்தம்தான் வந்தது.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"ஆரம்பிச்சிட்டாரு மாமா!"

"இது யாரு, பழைய கண்டாக்கா?"

"கையைப் பாருடா, எப்படித் தொங்கவிட்டிருக்காரு!"

வலது கை தானாகத்தான் தொங்கியது. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்ட ஆட்ட இன்னும் சிரித்தார்கள். நான் வாழ்நாளில் வாங்கிய பெரிய கைதட்டல் அதுதான். அந்தக் கைதட்டலிலேயே செத்துப்போவேன் என்று புரிந்தது.

அப்போதுதான் நான் உண்மையாகக் கும்பிட்டேன். வாய் வரவில்லை. கை கூப்ப முடியவில்லை. மனதுக்குள்ளே கேட்டேன்: தாயே, ஒரே ஒரு ஆளாவது சிரிக்காம இருக்கட்டும். உயிரைக் கூடக் கேட்கத் தோன்றவில்லை. அதைத்தான் கேட்டேன்.

கூட்டத்தில் மலையில் வேலை வாங்கும் பெரியண்ணன் கணக்கப்பிள்ளை இருந்தார். இத்தனை வருஷத்தில் என் வேடிக்கை எதற்கும் அவர் உதட்டை அசைத்ததில்லை. அவருக்குப் பல் இருக்கிறதா என்று கேட்டே நான் ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர் எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"வாயை மூடுங்கடா எல்லாரும்! இவன் காட்டுற கூத்து எனக்கு ஒரு நாளும் வெளங்கினதில்ல. ஆனா இவன் கண்ணுல தண்ணி வருது. இது கூத்தில்ல. வண்டிய எடு!"

என் மச்சான் என் ஓட்டோவையே எடுத்தார். கணக்கப்பிள்ளை ஒரு பக்கம், ஓடி வந்த புஷ்பம் மறுபக்கம், நடுவில் நான்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். "வார்பரின் குளிசை ஒழுங்காப் போட்டவரோ?"

"போட்டாருங்க. நானே கையில குடுத்தேன்" என்றாள் புஷ்பம்.

"அவர் சொல்லட்டும். போட்டிருந்தா ஒரு மருந்து, போடாட்டி வேற மருந்து. உண்மை தெரியாமக் குடுக்க ஏலாது."

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. புஷ்பம் என்னைப் பார்த்தாள். அட்டைக்கு அழுத நான் அந்தப் பார்வைக்கு அழ முடியாமல் கிடந்தேன்.

இரத்தம் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். பேச்சு உடனே வரவில்லை. ஒரு நாள் காலையில் "புஷ்பம்" என்றேன். குழறலாகத்தான் வந்தது. அவள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே ஏசினாள். இவ்வளவு நல்ல ஏச்சை நான் கேட்டதே இல்லை.

என்னை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "அட்டை கடிச்சா உங்களுக்கு மற்றவையைவிடக் கூட நேரம் இரத்தம் வரும். அழுத்திப் பிடியுங்கோ. நிக்காட்டி இஞ்ச வாங்கோ. குளிசையை மட்டும் நீங்களா விடாதேயுங்கோ."

இப்போது விளக்கு வைத்ததும் மாத்திரையை விழுங்கி, புஷ்பத்திடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அம்மனைக் கும்பிடுகிறேன். அந்தத் தாய்க்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. உங்களில் யாராவது மாத்திரைக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்தால், அந்தப் பயத்தையும் அவளிடம் சொல்லுங்கள், கிளினிக்கிலும் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் காது கொடுத்துக் கேட்பார்கள். நம்பிப் போங்கள்.

அம்மனே கணக்கப்பிள்ளை உருவத்தில் வந்தாள் என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். கேட்டதற்கு அவர், "போங்கடா, வேலையைப் பாருங்க" என்றார். நடந்தது இதுதான். மருந்தை விட்டேன், நெஞ்சில் இரத்தம் கட்டி மூளைக்குப் போனது, நேரத்தோடு கொண்டுபோனதால் பேச்சு திரும்பியது. வலது கையில் இரண்டு விரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. ஓட்டோவை மச்சான் ஓட்டுகிறார்.